இருட்டில் தெரிந்த மூன்று விரல்

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வருவதற்கு மூன்று நான்கு வருஷம் முன்னால், மாரிகுப்பம் பக்கத்தில் ஒரு சுரங்கத்துக்குள் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. இப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. எழுதுகிற வரி ஏறுகிறதா இறங்குகிறதா என்றுகூடச் சரியாகத் தெரிவதில்லை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் கோணல் இல்லை.

அந்தக் காலத்தில் பூமிக்குள் எங்களுக்கு வெளிச்சம் என்றால் மெழுகுவத்திதான். கையளவு களிமண்ணை உருட்டி, அதில் வத்தியைச் செருகி, வேலை செய்கிற இடத்தில் பாறையில் அப்பிவிடுவோம். நடக்கும்போது உருண்டையோடு பிய்த்துக் கையில் எடுத்துக்கொள்வோம். நான் மட்டும் நடக்கும்போது வத்தியை ஊதி அணைத்துவிடுவேன். ஆட்களைக் கூண்டில் இறக்குகிற ஷாஃப்டிலிருந்து எங்கள் வேலையிடம் வரைக்கும் லெவலில், அதாவது பாறைக்குள் குடைந்த பாதையில், இருட்டிலேயே போவேன், வருவேன். முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் ஐந்து விரலும் சாம்பல் நிறத்தில் எனக்குத் தெரியும். தங்களுக்கும் அப்படித் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு மண்ணும் தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். பூனைக்கண்ணன் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எங்கள் கூட்டாளிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் வாரத்துக்குள் 'இருட்டு காட்ட' வேண்டும். ஏதாவது சாக்குச் சொல்லி ஆள் இல்லாத பழைய லெவலுக்குள் அவனைக் கூட்டிப் போய், வத்தியை ஊதி அணைத்துவிட்டு, சத்தம் போடாமல் பத்தடி தள்ளி நின்றுகொள்வது. அவன் கூப்பிடுவான், கெஞ்சுவான். வளர்ந்த ஆம்பிளைகள் அழுததையும் கேட்டிருக்கிறேன். போதும் என்று தோன்றியதும் தீக்குச்சியைக் கிழித்து, அவன் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. அதோடு அவன் எங்களில் ஒருவன். இது என்ன கொடுமை என்று யாராவது கேட்டால், விளையாட்டு என்போம். இருட்டு காட்டுகிற பொறுப்பு எப்போதும் என்னுடையது. பூனைக்கண்ணன் ஆயிற்றே.

அந்த வாரம் வந்தவர் குடியாத்தம் பக்கத்து ஆள். என் வயதுதான் இருக்கும். தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. ஒற்றை வத்தியில் நிற்க மாட்டார். தனக்குக் கொடுத்தது போக இன்னொன்று சொந்தமாக வாங்கி வந்து, இரண்டையும் ஏற்றி வைத்துக்கொண்டுதான் மண்வெட்டியைத் தொடுவார். நாங்கள் அவரை வைத்துச் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமில்லை. கல்யாணத்துக்கா வந்திருக்கிறாய், எங்கே பெண்ணு என்றெல்லாம் கேட்டேன். அவர் வத்தியின் திரியைச் சரிசெய்துகொண்டிருப்பார். அன்று 'டா' போட்டுத்தான் கூப்பிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றே வருகிறது. அப்படியே இருக்கட்டும்.

அவருக்கு நான்காம் நாள். சாப்பாட்டு வேளை. சுருட்டு பற்றவைக்க வேண்டும் என்று அவருடைய தீப்பெட்டியை வாங்கி, திருப்பிக் கொடுக்காமல் கூட்டாளி ஒருவனிடம் தள்ளிவிட்டேன். இரண்டாவது வத்தியையும் அவனே பதுக்கிக்கொண்டான். பழைய லெவலில் ஒரு இரும்புக் கம்பி கிடக்கிறது, தூக்கி வரலாம் வா என்று அவரைக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு வத்தியோடு நடந்தோம்.

அந்தப் பழைய லெவலின் நடுவில் ஒரு வின்ஸ் உண்டு. கீழ் லெவலுக்கு நேர்க்குத்தாகத் தோண்டிய பள்ளம் அது, கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை முழுவதையும் அது விழுங்கியிருந்தது. ஒரு ஓரமாக, சுவரை ஒட்டி இரண்டு பலகை போட்டிருப்பார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்ட வேண்டும். வழக்கமாக நான் அந்த வின்ஸுக்கு வெகு தூரம் முன்னாலேயே நின்றுவிடுவேன். அன்று மிதப்பு. இரண்டு வத்திக்காரனுக்கு நல்ல இருட்டாகவே காட்டுவோம் என்று பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் கூட்டிப் போனேன். தாண்டும்போது அவர் அடி அடியாகத் தேய்த்து நகர்ந்ததைப் பார்த்து மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் முப்பது நாற்பது தப்படியில் பாதை முடிந்துவிடும். அதோ கம்பி என்று கையைக் காட்டினேன். அவர் குனிந்ததும் அவர் வத்தியை ஊதினேன். என்னுடையதையும் ஊதினேன். ஓசைப்படாமல் பின்னால் நகர்ந்து நின்றேன்.

அவர் கூப்பிடவில்லை, கெஞ்சவும் இல்லை. சுவரில் உள்ளங்கை உரசுகிற சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. எங்கோ நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தேனோ, எனக்கே அலுத்துவிட்டது. சரி, போதும் என்று இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுக்கும்போது கால் சேற்றில் வழுக்கியது. விழாமல் இருக்க அங்குமிங்கும் நாலு அடி தடுமாறி வைத்தேன். பெட்டி கையை விட்டுப் போய்விட்டது. துழாவி எடுத்தபோது அது தண்ணீரில் ஊறிக் கிடந்தது. ஒவ்வொரு குச்சியாகக் கிழித்தேன். மருந்து கூழாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்போதும் நான் பயப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். கண்தான் இருக்கிறதே. குச்சி நனைந்துவிட்டது, பரவாயில்லை, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வா, நான் கூட்டிப் போகிறேன் என்றேன். குரலை வைத்து அவர் என்னிடம் வந்து சேர்ந்தார். கையை முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்தேன். ஐந்து விரலும் தெரிந்தன. கொஞ்சம் உற்றுப் பார்க்கப் பார்க்க சுவரும் தெரிந்தது. நாலைந்து அடி தூரத்தில், நான் எதிர்பார்த்த ஓரத்திலேயே, இரண்டு பலகையும் வெளுப்பாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இவ்வளவு சீக்கிரமா வந்துவிட்டோம் என்று ஒரு எண்ணம் வந்தது. தடுமாறியதில் நாலு அடி இந்தப் பக்கம் வந்திருப்போம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தேன்.

பின்னாலிருந்து என் அரைத்துணியை அவர் இறுக்கிப் பிடித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இழுத்துப் பார்த்தேன், பாறை மாதிரி அசையவில்லை.

"அண்ணா, உங்களுக்கு நெஜமாவே கண்ணு தெரியுதா?" என்று கேட்டார்.

தெரிகிறது, பலகை இதோ இருக்கிறது, எழுந்து வா என்று அதட்டினேன்.

"அப்போ நான் எத்தினி வெரலு காட்டறேன்னு சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு நாள் ஆள் என்னைச் சோதிப்பதா? திரும்பி, குரல் வந்த பக்கம் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை, வெறும் கறுப்பு. சிவப்புத் துண்டு இல்லை, தலை இல்லை, தோள் இல்லை. விடாமல் உற்றுப் பார்த்தேன். அப்போது தெரிந்தது. மெல்லிய சாம்பல் நிறத்தில், நகம் இல்லாத மாதிரி மொழுக்கென்று, லேசாக அசைந்துகொண்டு மூன்று விரல். சத்தியமாகப் பார்த்தேன்.

மூன்று என்றேன்.

அவர் என் துணியை இன்னும் இறுக்கினார். பேசியபோது குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"நான் கையே நீட்டலீங்க அண்ணா. ஒரு கை உங்க துணிய புடிச்சினு கீது. இன்னொரு கை செவுத்துல கீது."

இதைப் படிக்கிறவர்கள் வெளிச்சத்தில் உட்கார்ந்து படிப்பீர்கள். எனக்கு அந்த நேரம் எப்படி இருந்தது என்று சொன்னால் புரியுமோ என்னவோ. என் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. ஏனென்றால் அவர் சொல்லி முடித்த பிறகும் அந்த மூன்று விரல் போகவில்லை. யாருடைய விரல் அது? எங்கள் இருவரைத் தவிர அங்கே யார் இருக்கிறார்கள்? பழைய லெவலில் பாறை விழுந்து செத்தவர்கள் கதையெல்லாம் ஞாபகம் வந்தது.

அவர் தரையில் தடவி ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். "அந்தப் பலக மேல போடுங்க" என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்த பலகையின் நட்டநடுவில் போட்டேன். மரத்தில் விழுகிற சத்தம் கேட்கவில்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் மூச்சை இழுத்து விட்ட பிறகு, காலுக்கு அடியில் எங்கோ ஆழத்தில், கல் கல்லோடு மோதி உருண்டது.

இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் அந்தக் கல்லுக்குப் பதிலாக நான். என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரும்.

அதைவிடப் பெரிய பயம் அப்புறம்தான் வந்தது. கல் விழுந்த பிறகும் பலகை அங்கேயே கிடந்தது. இல்லாத பலகை என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் கண் அதைக் காட்டிக்கொண்டே இருந்தது. இந்தக் கண்ணே வேண்டாம் என்று இறுக மூடினேன். மூடிய கண்ணுக்கு முன்னால் கையைக் கொண்டுவந்து ஆட்டினேன். ஐந்து விரலும், முன்னே எப்படித் தெரிந்ததோ அப்படியே, விரல் விரலாகத் தெரிந்தது.

இத்தனை வருஷம் நான் பார்த்த கை இதுதான். கண்ணைத் திறந்து வைத்திருந்ததால் கண் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் லெவலில் என்னை நடத்திக் கூட்டிப் போனது தள்ளுவண்டிக்குப் போட்ட தண்டவாளத்தைத் தொட்டுத் தொட்டுப் பழகிய என் கால். பேர் வாங்கிக்கொண்டது கண். கூச்சமில்லாமல் சொல்கிறேன், நான் அங்கே உட்கார்ந்து அழுதேன். இருட்டு காட்ட வந்தவன் அழுதேன்.

அவர் என்னைச் சுவர் பக்கம் இழுத்து உட்காரவைத்தார். வழியைத் தேடிப் போக வேண்டாம், யாராவது வருகிற வரைக்கும் அசையக் கூடாது என்றார். எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. விரல் கேள்வி எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அவர் அம்மாவுக்கு, இவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, அம்மை வந்து இரண்டு கண்ணும் போய்விட்டதாம். ஆனாலும் தன் கை தனக்குத் தெரிகிறது என்று அந்த அம்மா சொல்வாராம். பார்வை திரும்பி வருகிறது என்று வீடே சந்தோஷப்பட்டிருக்கிறது. பூசை கூடப் போட்டார்களாம்.

"அப்பால ஒரு நாளு என் கைய நீட்டினேன். எங்கம்மாக்கு தெரியல. அது கை மட்டும்தான் அதுக்கு தெரியுது. அன்னிலேர்ந்து எனக்கு இருட்டுன்னா பயம் அண்ணா. இருட்டு பொய் சொல்லும்."

இரண்டு வத்தியின் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. தீப்பெட்டியை நான்தான் ஏமாற்றி வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டேன். தெரியும் என்றார், அவ்வளவுதான்.

பிறகு நேரம் போனதே தெரியவில்லை, அல்லது நேரமே போகவில்லை. இருட்டில் பச்சையாகப் புகை மாதிரி ஏதோ சுருண்டது. புள்ளி புள்ளியாகப் பொறி பறந்தது. ஒரு முகம் வருவது போலிருந்து கலைந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் அவர் கையை அழுத்தினேன், அவரும் திருப்பி அழுத்தினார். என் ஆட்கள் தேடி வருவார்கள் என்ற நம்பிக்கையும் எனக்குக் குறைவு. நான் எங்காவது படுத்துத் தூங்குவேன் என்பது மேஸ்திரி உள்பட எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கடைசியில் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கடுகளவு.

நான் நம்பவில்லை. நம்பவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் மெதுவாகக் கேட்டேன்.

"உனக்கும் தெரியுதா?"

"தெரியுது."

எந்தப் பக்கம் போகிறது என்றேன். எனக்கு அது இடது பக்கம் நழுவிக்கொண்டே போவது போலிருந்தது. மேலே ஏறுகிறது என்றார் அவர். ஒரே வெளிச்சம் ஆளுக்கொரு பக்கம் எப்படிப் போகும்? அதைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் அது என்னவாக வரும் என்று எனக்கு வாய் எழவில்லை.

அதைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் பக்கம் திரும்பினேன். அவருடைய தலை ஒரு மேடு போலத் தெரிந்தது. தலையில் துண்டு தெரிந்தது, ஆனால் கறுப்பாகத் தெரிந்தது. இதுவும் பொய்தான் என்று நினைத்தேன். வெளிச்சம் கொஞ்சம் பெரிதானது. மூக்கு தெரிந்தது, கன்னத்தில் அப்பியிருந்த சேறு தெரிந்தது. துண்டு இன்னும் கறுப்புதான். நான் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. ரத்தச் சிவப்பாயிற்று. என் கையையும் பலகையையும் மூன்று விரலையும் காட்டிய இருட்டு, அத்தனை நேரத்தில் ஒரு தரம்கூட எனக்குச் சிவப்பைக் காட்டவில்லை. வந்தது நிஜ வெளிச்சம் என்று எனக்கு உறுதியானது அந்தத் துண்டில்தான். நான் அலறினேன். யாரோ கையில் வத்தியோடு ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நழுவியது வெளிச்சம் இல்லை, இருட்டில் ஒற்றைப் புள்ளியை வெறித்த எங்கள் கண்.

ஷிஃப்ட் முடிந்து கூண்டில் ஏறும்போது எங்களைக் காணாமல், தீப்பெட்டியைப் பதுக்கிய கூட்டாளியே பயந்துபோய்த் தேடி வந்திருக்கிறான். ஒரே இடத்தில் நிற்காமல் ஓடி வா, ஆனால் வின்ஸ் இருக்கிறது பார்த்து வா என்று அவனிடம் எதை எதையோ உளறினேன். அவன் வின்ஸின் அந்தப் பக்கம் நின்று வத்தியைத் தூக்கிப் பிடித்தான். என் முழங்காலுக்கு மூன்றடி தூரத்தில் பள்ளம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. நிஜப் பலகை இரண்டும் எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடந்தன. தடுமாறியதில் நான் நாலு அடி நகர்ந்ததாக நினைத்தேன், உண்மையில் ஓசைப்படாமல் பின்வாங்கியதிலும் பெட்டியைத் துழாவியதிலுமாக அந்த முப்பது தப்படியையும் கடந்து வந்திருக்கிறேன். சுவரும் எனக்கு இடம் வலமாக மாறியிருக்கிறது.

மேலே வந்ததும் கூட்டாளிகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, இருட்டு பார்த்தாயா, எப்படி இருந்தது என்று கேட்டார்கள். என்னைத் தலைகுனிய வைக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்தேன். அண்ணாதான் கூட இருந்தாரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பொய்யும் இல்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. உண்மையை எல்லோரிடமும் சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அத்தனை நாளும் பூனைக்கண்ணன் என்று அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சொன்ன பிறகு எங்கள் கூட்டத்தில் யாருக்கும் யாரும் இருட்டு காட்டவில்லை.

பிற்பாடு அவர் தன் அம்மாவை இங்கேயே கூட்டி வந்து வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய் அந்த அம்மாவிடம் கையைப் பற்றிக் கேட்டேன். "ஆட்டினாத்தான் வரும். சொம்மா வெச்சினு இருந்தா போயிடும்" என்றார். எனக்கும் அப்படித்தான். இப்போது என் புரையைப் பார்க்கிற டாக்டரிடம் இதைச் சொன்னேன். கை எங்கே அசைகிறது என்று உடம்புக்குத் தெரியும், வெளிச்சம் இல்லாதபோது மூளை அந்தச் சேதியை வைத்துக்கொண்டு தானாகவே ஒரு கையை வரைந்துவிடுகிறது போலும் என்றார். மூன்று விரலைப் பற்றியும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அது உடம்பு சொன்ன சேதி இல்லையே, உங்கள் வீம்பு சொன்னது என்றார்.

வீட்டில் இப்போது மின்சார விளக்கு இருக்கிறது. சில நாள் பகலிலேயே கதவைச் சாத்தி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கையை ஆட்டிப் பார்க்கிறேன். வருகிறது, கிழவனின் கையாக அல்ல, அந்த வயதுக் கையாகவே வருகிறது. என் மனைவிக்கு இது பிடிப்பதில்லை. புரை முற்றிய பிறகு வாசலில் யாரோ நிற்பது போல அடிக்கடி தோன்றுகிறது. முன்னே மாதிரி யாரடா அது என்று அதட்டுவதில்லை. உள்ளே திரும்பி, உனக்கும் தெரிகிறதா என்று அவளைக் கேட்கிறேன். பல தடவை இல்லை என்கிறாள்.

அந்த மூன்று விரல் யாருடையது என்று இன்று எனக்குத் தெரியும். தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்ல நான் வாயெடுக்கும்போதெல்லாம், அவை சாம்பல் நிறத்தில் லேசாக அசைந்துகொண்டு என் முகத்துக்கு நேரே வந்து நிற்கின்றன.